கொடி காத்த குமரன் நினைவு நூற்றாண்டு 2032: ஊரே சேர்ந்து நடத்த என்ன செய்யணும்? வீரபாண்டியில் இருந்து ஒரு விளக்கம்

2032 ஜனவரி 11. கொடி காத்த குமரன் உயிர்நீத்து அன்றோடு 100 ஆண்டுகள் நிறைகின்றன. காலண்டரைப் பார்த்தால் அன்று ஞாயிற்றுக்கிழமை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வார லீவு. முந்தின நாள் சனிக்கிழமை, சம்பள நாள். அடுத்த மூன்று, நான்கு நாளில் பொங்கல்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் பஸ் ஏறப் பார்ப்பார்கள். மேடை, மாலை, மைக் எல்லாம் தயாராகும் நேரத்தில் ஊரில் பாதிப் பேர் இல்லாமல் போகலாம். யாரும் அழைக்காததால் இன்னும் பலர் ரூமிலேயே இருந்துவிடலாம். அப்படி நடந்தால் அது யாருடைய நூற்றாண்டு விழா?

வரலாற்று நாட்களை எல்லோரையும் சேர்த்து, மக்களே முன்னின்று நடத்துவது எப்படி? மற்ற ஊர்களில் இதை எப்படிச் செய்தார்கள்? பல்லடம் சாலையில் இருக்கும் திருப்பூர் வீரபாண்டி போன்ற ஒரு தொழிலாளர் பகுதியில் எங்கிருந்து தொடங்குவது? விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமாக

• குமரன் 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் தடியடிக்கு ஆளாகி, மறுநாள் 11-ம் தேதி உயிரிழந்தார்.
• 2029 அக்டோபர் 4 அவரது 125-வது பிறந்தநாள். 2032 ஜனவரி 11 நினைவு நூற்றாண்டு.
• விழா சிறக்க மேடையை விட முக்கியம் யாரைக் கேட்டு முடிவெடுக்கிறோம் என்பது.
• ஷிப்ட் நேரம், மொழி, ஊர்வலப் பாதை, பணக் கணக்கு, பாதுகாப்பு ஆகிய ஐந்தையும் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும்.

1932 ஜனவரியில் என்ன நடந்தது?

குமரன் 1904 அக்டோபர் 4 அன்று சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் குமாரசாமி. பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து பஞ்சு மில்லில் வேலை பார்த்தார். காந்தியின் இயக்கத்தில் ஈடுபாடு கொண்டு, தேசபந்து இளைஞர் மன்றத்தில் தீவிரமாகச் செயல்பட்டார்.

1932 ஜனவரி 4 அன்று பம்பாயில் காந்தி கைது செய்யப்பட்டார். நாடு முழுவதும் சட்டமறுப்புப் போராட்டம் மீண்டும் சூடுபிடித்தது. திருப்பூரில் ஜனவரி 10, ஞாயிற்றுக்கிழமை, தடையை மீறி ஊர்வலம் புறப்பட்டது. போலீஸ் தடியடி நடத்தியது. தலையில் பலத்த அடி வாங்கிய நிலையிலும் குமரன் கையிலிருந்த கொடியை விடவில்லை. மறுநாள் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 27.

அன்று அவர் பிடித்திருந்தது இன்றைய தேசியக் கொடி அல்ல. அது ராட்டை பொறித்த காங்கிரஸ் இயக்கக் கொடி. அசோகச் சக்கரத்துடன் கூடிய இன்றைய கொடியை அரசியல் நிர்ணய சபை 1947 ஜூலை 22 அன்றுதான் ஏற்றது. விழாவில் குமரன் வேடமிடும் குழந்தைகளுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்தாலே ஒரு வரலாற்றுப் பாடம் நடந்துவிடும்.

பிறந்த நூற்றாண்டையொட்டி 2004-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. திருப்பூர் ரயில் நிலையம் அருகே சிலை இருக்கிறது. நகரின் முக்கியச் சாலை குமரன் சாலை. பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அந்த நாளின் முழுக் கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒருவர் பெயர் மட்டும் போதுமா?

அன்றைய ஊர்வலத்தில் குமரன் தனியாகப் போகவில்லை. பி.எஸ்.சுந்தரம் உட்பட உடன் சென்றவர்களும் அடிபட்டார்கள். குஜராத்திலிருந்து வந்து திருப்பூரில் தொழில் நடத்திய ஆஷர் குடும்பம் சுதந்திரப் போராட்டத்தில் முன்னணியில் நின்றது. அந்தக் குடும்பத்தின் பத்மாவதி ஆஷர் போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனவர். குமரனின் மனைவி ராமாயி, கணவரை இழந்த பிறகு நீண்ட காலம் வாழ்ந்தவர்.

இந்தப் பெயர்களை எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்னிமலையில் இருந்து வேலை தேடி வந்தவர், குஜராத்தில் இருந்து தொழில் செய்ய வந்தவர்கள், போராடிச் சிறை சென்ற ஒரு பெண். திருப்பூரின் சுதந்திரப் போராட்டக் கதையே ‘வெளியூர்க்காரர்கள்’ நிறைந்த கதைதான். நூற்றாண்டு விழா எல்லோருக்குமானதாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை.

இதில் வீரபாண்டி எங்கே வருது?

தேனியிலும் சேலத்திலும் கோவையிலும்கூட வீரபாண்டி என்ற பெயரில் ஊர்கள் உண்டு. இங்கே பேசுவது திருப்பூரின் தெற்கே, பல்லடம் சாலைப் பக்கம் உள்ள வீரபாண்டியை. முன்பு தனி ஊராட்சி. 2011-ல் திருப்பூர் மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது அதில் இணைந்தது. மாநகராட்சியில் இப்போது 60 வார்டுகள்.

நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரில் இருந்து போகிறது. அதற்கான வேலை குமரன் சாலையில் நடப்பதில்லை. நிட்டிங், டையிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என ஒவ்வொரு வேலையும் வீரபாண்டி மாதிரியான புறநகர்ப் பகுதிகளில்தான் பிரிந்து கிடக்கிறது. உள்ளூர்க்காரர்கள், தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்தில் இருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே லைன் வீட்டு வரிசையில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

2023 மார்ச்சில் என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. பயந்துபோன தொழிலாளர்கள் ரயில் நிலையங்களில் குவிந்தார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அந்தக் குழு திருப்பூருக்கும் வந்து விசாரித்தது. வீடியோக்கள் பொய் என்று தெரியவந்தது.

ஆனால் ஒரு வாட்ஸ்அப் வீடியோ இவ்வளவு பெரிய பயத்தை எப்படிக் கிளப்ப முடிந்தது? பக்கத்து ரூமில் இருப்பவரின் பெயர்கூடத் தெரியாமல் வருஷக்கணக்கில் வாழ்வதுதான் ஒரு முக்கியக் காரணம். ஊரின் முக்கிய நாள் ஒன்றைச் சேர்ந்து நடத்துவது என்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல. அடுத்த வதந்தி வரும்போது ‘அவரை எனக்குத் தெரியும்’ என்று சொல்ல நாலு பேரை உருவாக்கும் வேலை அது.

மற்ற ஊர்களில் எப்படிச் செய்தார்கள்?

மெட்ராஸ் தினம், சென்னை: 1639 ஆகஸ்ட் 22-ஐ நகரத்தின் பிறந்தநாளாக வைத்து 2004-ல் சில ஆர்வலர்கள் தொடங்கியது. வரலாற்று எழுத்தாளர் எஸ்.முத்தையா அவர்களில் ஒருவர். ஒரே பெரிய மேடை என்று எதுவும் இல்லை. தெரு நடை, பழைய புகைப்படக் கண்காட்சி, பள்ளி வினாடி வினா என யார் வேண்டுமானாலும் தங்கள் பகுதியில் நடத்தலாம். ஒரு நாளாக இருந்தது ஒரு வாரமாகி, பிறகு மாதம் முழுக்க நீண்டது. அனுமதி கேட்டு நிற்க வேண்டிய தலைமை இல்லாததே அதன் பலம்.

மலையகம் 200, இலங்கை: தமிழ்நாட்டில் இருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் போகத் தொடங்கியது 1823-ல். அதன் 200-வது ஆண்டை மலையகத் தமிழர்கள் கேக் வெட்டிக் கொண்டாடவில்லை. 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தே போனார்கள். முன்னோர் நடந்த, பலர் வழியிலேயே இறந்துபோன பாதை அது. காணி, வீடு, நியாயமான சம்பளம், சம உரிமை ஆகிய கோரிக்கைகளும் கூடவே நடந்தன. வழியில் சிங்கள, முஸ்லிம் மக்களும் வரவேற்றார்கள். துக்கம், பெருமை, கோரிக்கை மூன்றையும் ஒரே நிகழ்வில் வைக்கலாம் என்பதற்கு இது உதாரணம்.

வைக்கம் 100: கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச் 30-ல் தொடங்கியது வைக்கம் போராட்டம். ஈரோட்டில் இருந்து போன பெரியார் அதில் சிறை சென்றார். நூற்றாண்டு விழாவை 2023 ஏப்ரல் 1-ல் தமிழ்நாடு, கேரள முதல்வர்கள் சேர்ந்து தொடங்கினார்கள். புதுப்பிக்கப்பட்ட பெரியார் நினைவகம் 2024 டிசம்பர் 12-ல் திறக்கப்பட்டது. இது அரசு நடத்திய விழா. நினைவகம் மாதிரியான நிரந்தரச் சொத்து வேண்டுமென்றால் அரசின் பங்கு அவசியம் என்பதை இது காட்டுகிறது.

ஆஸ்திரேலியா 1988: ஐரோப்பியர்கள் குடியேறிய 200-வது ஆண்டை அரசு கோலாகலமாகக் கொண்டாடியது. அதே நாளில் சிட்னியில் பூர்வகுடி மக்களும் ஆதரவாளர்களும் பல்லாயிரக்கணக்கில் திரண்டு பேரணி போனார்கள். ஒருவருக்குப் பிறந்தநாள், இன்னொருவருக்கு நிலம் பறிபோன நாள். ‘இந்த நாள் உங்களுக்கு என்ன?’ என்று முன்கூட்டியே கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம்.

சரி, வீரபாண்டியில் எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

1. முதலில் குழு, அப்புறம்தான் நிகழ்ச்சி

பொதுவாக நடப்பது என்ன? நாலு பெரியவர்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, பிறகு மற்றவர்களை ‘வந்து கலந்துக்கங்க’ என்று அழைப்பார்கள். இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போடலாம்:

• செக்கிங், கைமடி வேலை பார்க்கும் பெண்கள்
• டையிங், நிட்டிங்கில் நைட் ஷிப்ட் போகிறவர்கள்
• வெளிமாநிலத் தொழிலாளர்கள், அவர்களில் பெண்களும்
• எல்லாக் குடியிருப்புகளின் ஆட்கள், பட்டியல் சமூகக் குடியிருப்புகள் உட்பட
• மாற்றுத்திறனாளிகள், முதியவர்கள்
• பள்ளி மாணவர்கள், ஆசிரியர்கள்
• தொழிற்சங்கங்கள், முதலாளிகள், கடைக்காரர்கள்

பேருக்கு ஒருவரைச் சேர்த்தால் போதாது. பத்து பேர் உள்ள குழுவில் ஒரே ஒரு வடமாநிலத் தொழிலாளி இருந்தால் அவர் வாயைத் திறக்கத் தயங்குவார். குறைந்தது இரண்டு, மூன்று பேராவது ஒன்றாக இருந்தால்தான் பேச்சு வரும்.

மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபைக் கூட்டம் நடத்தும் முறை தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வார்டு கவுன்சிலர் மூலம் அந்தக் கூட்டத்தில் இந்த விஷயத்தை வைத்தால், திட்டம் ஒரு சில பேரின் சொந்த ஏற்பாடாக இல்லாமல் பொதுத் திட்டமாகிவிடும்.

2. யார் பெயரில் விழா?

சுதந்திரப் போராட்ட வீரர்களின் நினைவு நாள் வந்தால் தமிழ்நாட்டுச் சுவர்களில் சாதிச் சங்க போஸ்டர்கள் முளைப்பது புதிதல்ல. கட்சிக்காரர்கள் தனித்தனியாக வந்து மாலை போட்டுப் போவதும் வழக்கம். அதைத் தடுப்பது யார் வேலையும் அல்ல. ஆனால் பொது விழாவுக்கு என்று சில விதிகளை முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். அழைப்பிதழில் சாதிப் பெயர் வேண்டாம். மேடையில் கட்சிக் கொடி வேண்டாம். கம்பெனி பெயர் குமரன் பெயரை விடப் பெரிய எழுத்தில் வேண்டாம். பிறகு சண்டை வராமல் இருக்க இந்த மூன்று வரிகளே பெரிய உதவி.

3. ஷிப்ட் நேரத்தைப் பார்த்து நேரம் குறிக்கணும்

திருப்பூரில் காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வரும் ‘ஒன்றரை ஷிப்ட்’ சாதாரணம். பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவருக்கு லீவு என்றால் அன்றைய கூலி இல்லை. வார நாளில் மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்தால் வருவது ஓய்வு பெற்றவர்கள் மட்டும்தான்.

2032 காலண்டர் ஒரு வசதியைத் தருகிறது. காந்தி கைதான ஜனவரி 4-ம் ஞாயிறு, குமரன் மறைந்த ஜனவரி 11-ம் ஞாயிறு. இடைப்பட்ட ஒரு வாரத்தையே நினைவு வாரமாக வைக்கலாம். பொங்கலுக்கு முன்கூட்டியே கிளம்புகிறவர்கள் 4-ம் தேதி நிகழ்ச்சிக்கு வந்துவிடலாம். 125-வது பிறந்தநாளான 2029 அக்டோபர் 4 வியாழக்கிழமை. அன்று பள்ளிகளில் நிகழ்ச்சி வைத்து, தொழிலாளர்களுக்கான நிகழ்ச்சியை அக்டோபர் 7 ஞாயிறுக்குத் தள்ளலாம்.

இன்னொரு சின்ன வழி: கம்பெனிக்குள்ளேயே டீ டைமில் பதினைந்து நிமிஷ நிகழ்ச்சி. ஆளை விழாவுக்குக் கூட்டி வருவதற்குப் பதில் விழாவை ஆளிடம் கொண்டு போவது.

4. தமிழ் மேடை, பல மொழி அழைப்பு

விழா தமிழில் நடக்கட்டும். அதில் சமரசம் தேவையில்லை. ஆனால் அழைப்பிதழ், அறிவிப்பு, பாதுகாப்புத் தகவல் ஆகியவை இந்தி, ஒடியா, வங்காளத்திலும் இருக்கலாம். பலருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமிருக்காது என்பதால் ஒரு நிமிஷ ஆடியோ செய்தி நோட்டீஸை விட நன்றாக வேலை செய்யும். அதை வெளியூர் குரலில் பேசாமல், இங்கேயே வேலை பார்க்கும் ஒரு ஒடியா அக்காவையோ பீகார் அண்ணனையோ பேச வைத்தால் நம்பிக்கை வரும்.

கூடவே அவர்கள் ஊரின் சுதந்திரப் போராட்டக் கதைக்கும் பத்து நிமிஷம் கொடுக்கலாம். பீகாரின் சம்பாரண் 1917-ல் அவுரி விவசாயிகளுக்காகக் காந்தி இறங்கிய இடம். ஒடிசாவின் இஞ்சுடி 1930 உப்புப் போராட்டத்தின் முக்கியக் களம். திருப்பூர்க் கதையும் சம்பாரண் கதையும் ஒரே மேடையில் வந்தால் யாரும் விருந்தாளியாக உட்கார வேண்டியதில்லை.

5. கதை சேகரிப்பு: விழா முடிந்தும் மிஞ்சப்போவது இதுதான்

1932-ஐ நேரில் பார்த்தவர்கள் இப்போது கிடைப்பது அரிது. ஆனால் ‘எங்க தாத்தா சொல்லுவாரு’ என்று தொடங்கும் கதைகள் வீடுகளில் இருக்கும். அத்தோடு நிற்க வேண்டியதில்லை. கதர் விற்ற ஊர் பனியன் ஊராக மாறியது எப்படி? 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் நடந்த வேலைநிறுத்தத்தில் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது? நொய்யலில் குளித்த கடைசித் தலைமுறை எது? 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது என்ன செய்தார்கள்? இதையெல்லாம் சொல்ல ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பள்ளி மாணவர்கள் செல்போனிலேயே பதிவு செய்யலாம். மூன்று விஷயம் முக்கியம்:

• பேசுபவரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கணும். எங்கே வெளியிடப் போகிறோம் என்று சொல்லணும்.
• கம்பெனியைப் பற்றிப் பேசினால் வேலைக்கு ஆபத்து என்று பயந்தால் பெயரை மறைக்கணும்.
• பதிவை ஒருவர் போனில் மட்டும் வைக்காமல் பள்ளி, நூலகம் என இரண்டு, மூன்று இடத்தில் பிரதி வைக்கணும்.

6. ஊர்வலம் எந்தத் தெரு வழியா போகுது?

தமிழ்நாட்டில் இது சாதாரணக் கேள்வி அல்ல. எந்தத் தெருவுக்குள் ஊர்வலம் நுழைகிறது, எந்தத் தெருவைத் தாண்டிப் போகிறது என்பதிலேயே ஊரின் மரியாதைக் கணக்கு தெரிந்துவிடும். வைக்கத்தில் நடந்ததே தெருவில் நடக்கும் உரிமைக்கான போராட்டம்தான். எனவே பாதையை வரையும்போது மெயின் ரோட்டை மட்டும் பார்க்காமல், காலனி, லைன் வீடுகள், விடுதிகள் வழியாகவும் போகிற மாதிரி வைக்க வேண்டும். நடக்க முடியாதவர்கள் வாசலில் நின்று பார்க்கவும் இது உதவும்.

7. பணம்: ஒரு ரூபாய்க்கும் கணக்கு

ஊர் விழாக்கள் உடைவது பெரும்பாலும் கணக்கில்தான். ஒரே பெரிய கம்பெனி மொத்தச் செலவையும் ஏற்றால் வேலை சுலபம், ஆனால் விழா அவர்களுடையதாகிவிடும். ஒருவர் தரும் தொகைக்கு உச்சவரம்பு வைத்து, பல பேரிடம் சிறிது சிறிதாக வாங்கலாம். பணம் தர முடியாதவர்கள் தையல், சமையல், பெயின்டிங், லைட் கட்டுவது என உழைப்பாகத் தரலாம்.

தொடர்ந்து இயங்குவதாக இருந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி பதிவு செய்துகொள்வது நல்லது. குறைந்தது ஏழு பேர் தேவை. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, ஒவ்வொரு வசூலுக்கும் ரசீது, வரவு செலவைப் பொது இடத்தில் ஒட்டுவது. இவ்வளவு செய்தால் பேச்சு வராது.

8. கொடி: மாதிரி ஊருக்குத் தவறு செய்யக் கூடாது

கொடிக்காக ஒருவர் உயிரைக் கொடுத்த நாளில் கொடி குப்பையில் கிடக்கக் கூடாது. இந்தியக் கொடி விதித்தொகுப்பு 2002 என்ன சொல்கிறது?

• பருத்தி, கதர், பட்டு, கம்பளி ஆகியவற்றோடு பாலியஸ்டர் துணியிலும் கொடி செய்யலாம். எந்திரத்தில் தயாரித்ததும் செல்லும். இந்த மாற்றம் 2021 டிசம்பரில் வந்தது.
• கொடி தரையிலோ தண்ணீரிலோ படக் கூடாது. அதில் எதையும் எழுதக் கூடாது.
• பிளாஸ்டிக் கொடி கூடாது. காகிதக் கொடியை நிகழ்ச்சி முடிந்ததும் கீழே போடக் கூடாது.
• கிழிந்த கொடியைத் தனியிடத்தில், மரியாதையுடன் முழுமையாக அப்புறப்படுத்த வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்து கொடிகளைத் திரும்பச் சேகரிக்க என்றே ஐந்தாறு தன்னார்வலர்களை நிறுத்தலாம்.

9. அனுமதியும் பாதுகாப்பும்

ஊர்வலம், பொதுக்கூட்டம் இரண்டுக்கும் திருப்பூர் மாநகரப் போலீஸிடம் முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்க வேண்டும். மைதானம், சாலையோர இடம் என்றால் மாநகராட்சி அனுமதி. ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. பொது இடத்தில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்கள் இருக்கும் ஊர் என்பதால் கூம்பு ஸ்பீக்கரைத் தெருவுக்குத் தெரு கட்டுவதையே தவிர்க்கலாம்.

பேனர் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் அனுமதியின்றி வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம் பொறியாளர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். துணியில் கோலம் போட்ட மாதிரி எழுதி வீட்டு வாசலில் தொங்கவிட்டால் அழகும் ஆகும், ஆபத்தும் இல்லை. வெட்டுத் துணிக்குத் திருப்பூரில் பஞ்சமா என்ன?

கூட்டத்தை நிர்வகிப்பது எவ்வளவு முக்கியம் என்பதை 2025 செப்டம்பர் 27 அன்று பக்கத்து மாவட்டமான கரூரில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்த துயரம் எல்லோருக்கும் உணர்த்தியது. எத்தனை பேர் வருவார்கள் என்று குறைத்துச் சொல்லி அனுமதி வாங்குவது, சிறப்பு விருந்தினருக்காக மணிக்கணக்கில் காக்க வைப்பது இரண்டும் கூடாது. உள்ளே வர ஒரு வழி, வெளியே போகத் தனி வழி, குடிநீர், ஆம்புலன்ஸ் நிற்க இடம், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி ஆகியவற்றை மேடைக்கு முன்பே திட்டமிட வேண்டும்.

10. மாற்றுத்திறனாளிகள், பெண்கள், குழந்தைகள்

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. மேடைக்கும் மைதானத்துக்கும் சாய்தளம் வேண்டும். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. பார்வையாளர் பகுதிக்கு மட்டும் சாய்தளம் வைத்து மேடைக்கு வைக்காவிட்டால், ‘நீங்க பார்க்கலாம், பேச முடியாது’ என்று சொல்வதற்குச் சமம். சைகை மொழிபெயர்ப்பாளரை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம்.

பெண்கள் வர வேண்டும் என்றால் சுத்தமான கழிப்பறை, வெளிச்சம், திரும்பிப் போகும் வண்டி மூன்றும் இருக்க வேண்டும். விடுதியில் தங்கியிருக்கும் பெண்களை நிகழ்ச்சிக்கு அனுப்ப நிர்வாகத்திடம் ஒரு மாதம் முன்பே பேசி வைக்க வேண்டும்.

11. சாப்பாடு

சுதந்திர தினத்தில் தமிழ்நாட்டுக் கோயில்களில் பொது விருந்து வைப்பது பழைய வழக்கம். அதுபோல எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் மேடைப் பேச்சு செய்யாததை அது செய்யும். ஒரு பக்கம் கம்பு, ராகி, இன்னொரு பக்கம் பீகாரின் லிட்டி சோக்கா. சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் கலந்தே இருக்க வேண்டும்.

கொண்டாட்டமா, அஞ்சலியா?

ஒருவர் அடிபட்டு இறந்த நாளில் பட்டாசும் டிஜேவும் சரியா என்ற கேள்வி கட்டாயம் வரும். இதற்கு ஒரே விடை கிடையாது. ஆனால் பிரித்துக்கொள்ளலாம். ஜனவரி 10, 11-ல் அமைதி நடை, விளக்கேற்றல், பெயர்களை வாசித்தல். அக்டோபர் 4 பிறந்தநாளில் பறை, ஒயிலாட்டம், வள்ளி கும்மி, விளையாட்டுப் போட்டி. துக்கத்துக்கும் சந்தோஷத்துக்கும் தனித்தனி நாள் இருந்தால் இரண்டும் கெடாது.

இன்னொரு கேள்வியும் வரும். ‘நூறு வருஷம் முந்தின கதை இருக்கட்டும், எங்க சம்பளம், வாடகை, தண்ணி பத்தி யார் பேசுறது?’ இதை விழாவுக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. குமரனும் மில் தொழிலாளிதான். மலையகத் தமிழர்கள் செய்தது போல, நினைவு நாளில் இன்றைய கோரிக்கைக்கும் ஒரு இடம் ஒதுக்கலாம். முதலாளிகளும் சங்கத்தினரும் ஒரே மேடையில் உட்கார்ந்து அதைக் கேட்டால் அதுவே பெரிய விஷயம்.

எப்போது என்ன செய்யலாம்?

• இப்போது: குழு அமைத்தல், விதிகளை எழுதுதல். ஒவ்வொரு ஜனவரி 11-ம் ஒரு தெருவில் சின்ன நிகழ்ச்சி. இது ஒத்திகை.
• 2029 வரை: கதைப் பதிவு. அக்டோபர் 4-ல் 125-வது பிறந்தநாள் கண்காட்சி.
• 2030: பிறந்த ஊரான சென்னிமலை மக்களுடன் சேர்ந்து திட்டமிடுதல். நிரந்தரமாக என்ன வேண்டும் என்று கேட்டு முடிவெடுத்தல். நூலகமா, சிறு அருங்காட்சியகமா, குழந்தைகள் காப்பகமா?
• 2031: அனுமதி, நிதி, பாதுகாப்புத் திட்டம், தன்னார்வலர் பயிற்சி.
• 2032 ஜனவரி 4 முதல் 11: நினைவு வாரம்.
• 2032 பிப்ரவரி: பொதுக் கணக்கு வாசிப்பு. எது சரியாக வந்தது, யார் விடுபட்டார்கள் என்ற கூட்டம்.

கடைசியில் சொன்ன கூட்டம்தான் பெரும்பாலும் நடப்பதில்லை. பந்தல் பிரித்ததும் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். ஆனால் விழா வெற்றியா என்பது அன்றுதான் தெரியும்.

விழா வெற்றி என்று எப்படித் தெரியும்?

எத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள், எந்த அமைச்சர் வந்தார் என்பது டிவியில் வரும் செய்தி. ஊருக்கான கணக்கு வேறு. குமரன் யார் என்று வீரபாண்டியில் வளரும் பீகார்க் குழந்தை தமிழில் சொல்ல வேண்டும். சம்பாரண் எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க் குழந்தை சொல்ல வேண்டும். ‘நீ எந்த ஊரு?’ என்று கேட்டால் செக்கிங் டேபிளில் நிற்கும் பெண் தயங்காமல் ‘திருப்பூருங்க’ என்று சொல்ல வேண்டும்.

சென்னிமலையில் பிறந்தவர் இன்று உலகுக்குத் ‘திருப்பூர் குமரன்’. பிழைக்க வந்தவரின் பெயரோடு தன் பெயரைச் சேர்த்துக்கொண்ட ஊர் இது.